கேட்டால் சொல்லிவிடுவான்

அவனை அவன் அப்பா கடைக்குள் விடுவதில்லை. தி. நகரில் பனகல் பூங்காவுக்குப் பக்கத்துத் தெருவில் அவர்களுக்கு ஒரு ஜவுளிக்கடை இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பா வந்து வைத்த கடை. அண்ணன்கள் இருவரும் பள்ளிக்கூடம் முடித்ததும் கல்லாவுக்கும் அளவுகோலுக்கும் போய்விட்டார்கள். இவனையும் ஒரு தீபாவளிச் சமயத்தில் கூடமாட நிற்கட்டும் என்று அழைத்துப் போயிருக்கிறார்கள். மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஒரு அம்மாள், "சாயம் போகுமா தம்பி?" என்று கேட்டிருக்கிறாள்.

"ரெண்டு தண்ணிக்குப் போகும்க்கா. பொறவு நிக்கும். அதுக்குள்ள ஜாக்கெட்டு பூரா நீலமாயிரும்."

அந்த அம்மாள் எழுந்து போய்விட்டாள். கூட வந்த நான்கு பேரும் போய்விட்டார்கள். அப்பா கோபக்காரர் இல்லை. அன்று மத்தியானம் சாப்பாட்டின்போது, "எய்யா, நீ இனிமே கடைப்பக்கம் வராத. நல்லாப் படி, டாக்டருக்குப் போ. சீக்காளிகிட்ட உண்மையச் சொன்னா ஏவாரம் கெடாது" என்றாராம்.

மருத்துவக் கல்லூரி முதல் வருடத்தில் பிணவறுப்புக் கூடத்தின் வாசற்படியில் உட்கார்ந்து இந்தக் கதையை அவன் எனக்குச் சொன்னான். ஃபார்மலின் நெடி போக இருவரும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். "ஒரு பொய் சொல்லிட்டுப் போயிருக்கலாமே" என்றேன்.

"சொல்லிருக்கலாம். யோசிக்கணும்லா? நான் யோசிக்கதுக்குள்ள வாய் சொல்லிருது."

அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு முதலில் வருவது இதுதான். கேட்டால் சொல்லிவிடுவான். உத்தமன் என்கிற நினைப்பு அவனுக்குக் கிடையாது. பொய் சொல்கிறவர்களைக் கண்டு முகம் சுளித்ததும் இல்லை. ஒருவனுக்கு விசிலடிக்க வராது என்பதுபோல அவனுக்குப் பொய் வராது, அவ்வளவுதான். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்காததை அவனாக வந்து சொல்லவும் மாட்டான். இந்த இரண்டாவது பாதி எங்களுக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

ஒரு வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் ஒரு நரம்பைச் சுட்டிக்காட்டி அது என்னவென்று கேட்டார். "தெரியாது சார்" என்றான். படிக்கவில்லையா என்று கேட்டார். "இல்ல சார்." ஏன்? "நேத்து பீச்சுக்குப் போனேன். காத்து நல்லா இருந்துச்சு. அப்படியே உக்காந்துட்டேன் சார்." அந்தப் பேராசிரியரைக் கண்டால் எங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "வெளியே போ" என்றார். அதோடு விடவில்லை. அன்றிலிருந்து கூடத்தில் எது உடைந்தாலும் எது காணாமல் போனாலும் நேராக அவனிடம் வந்து, "நீ சொல்லு" என்பார். அவனும் சொல்லிவிடுவான். ஒரு முறை மண்டையோட்டின் கீழ்த்தாடையை உடைத்தது நான். அதையும் சொன்னான். வெளியே வந்ததும் தன் டிபன் டப்பாவை என் பக்கம் நகர்த்தினான். பேச முடியாத கோபத்தில் இருந்தேன். ஆனாலும் அந்த டப்பாவில் எள்ளுப்பொடி தடவிய இட்லி இருந்தது, சாப்பிட்டுவிட்டேன்.

அதன்பின் எங்கள் வகுப்பில் ஒரு சாமர்த்தியம் வளர்ந்தது. யாரும் வாய்விட்டுப் பேசி முடிவு செய்ததல்ல. அவனை யாரும் எதையும் கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தச் சாமர்த்தியம். பேராசிரியர் வருகிறார் என்றால் அவனை நூலகத்துக்கு அனுப்பிவிடுவோம். வார்டன் வருகிறார் என்றால் கேன்டீனுக்கு. அவன் சிரித்துக்கொண்டே போவான். எதற்காக அனுப்புகிறோம் என்பது அவனுக்குத் தெரியும்.

இரண்டாம் வருடப் பரீட்சைக்கு முன்னால் மாத்திரைகள் வந்தன. எங்கள் கூட்டாளி ஒருவனின் அண்ணன் மருந்து கம்பெனிப் பிரதிநிதி. டாக்டர்களுக்குக் கொடுக்கும் சாம்பிள்களில் தூக்கம் வராமல் செய்கிற மாத்திரையும் இருந்தது. ஆறேழு பேர் போட்டுக்கொண்டோம். நானும் போட்டேன். இரண்டு நாள் தூங்காமல் படிக்க முடிந்தது. மூன்றாம் நாள் கை நடுங்கியது, வாய் உலர்ந்தது, படுத்தால் கண் மூடவில்லை. அதற்கும் வேறொரு மாத்திரை இருந்தது. மருத்துவம் படிக்கிறோம், அளவு தெரியும், நமக்கு ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் நினைத்தோம். யாராவது சொல்லித்தந்தார்களா என்று இப்போது யோசித்தால், ஒருவரும் சொல்லித்தரவில்லை. புத்தகத்தில் மாத்திரையின் பெயருக்குக் கீழே நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்ததே தவிர, எங்களைப் பற்றி எழுதவில்லை.

பரீட்சைக்கு மறுநாள் காலை அவன் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தான். அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏண்டா, ரெண்டு பேருக்கும் கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு? தூங்கவே இல்லையா?"

"படிச்சோம்மா" என்றேன் அவசரமாக.

"படிச்சா இப்படியா ஆகும்?" அம்மா அவன் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுப்பா."

"மாத்திரை போட்டோம் மாமி. தூக்கம் வராம இருக்க."

அம்மா காபி டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "ஆத்துல உங்க அம்மாவுக்குத் தெரியுமா?" என்று அவனைக் கேட்டாள்.

"கேக்கல மாமி."

அன்று சாயங்காலம் என் அப்பா என் மேஜையைத் துழாவி இருந்ததையெல்லாம் சாக்கடையில் கொட்டினார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நான் அந்த மாத்திரையை மறுபடி தொடவில்லை. வைராக்கியம் ஒன்றும் இல்லை. அப்பாவின் மௌனத்துக்குப் பயம். அவனுக்கு அப்படிப் பேசாமல் இருக்க வீட்டில் யாரும் இல்லை. அப்பாவும் அண்ணன்களும் கடையிலேயே கிடந்தார்கள். மகன் டாக்டராகப் போகிறான் என்கிற பூரிப்பில் அம்மாவுக்கு அவனிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. அவன் அடுத்த பரீட்சைக்கும் போட்டுக்கொண்டான். பிறகு பரீட்சை இல்லாதபோதும்.

கடைசி வருடத்தில் அவனுக்குச் சிறுநீரகக் கல் வந்தது. வகுப்பின் நடுவே பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் உருண்டான். நாங்கள் நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தோம். வலிக்கு, அபின் வகையைச் சேர்ந்த பெத்தடின் ஊசி போட்டார்கள். கால் மணி நேரத்தில் அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப எப்படி இருக்கு?" என்று சும்மாதான் கேட்டேன்.

"வலி போச்சுடே. ஆனா அது பெருசில்ல." கூரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான். "வலி இல்லாத நாள்லயும் எனக்குள்ள என்னமோ ஒண்ணு இருந்துக்கிட்டே இருந்திருக்கு. இருந்துச்சுன்னே தெரியாது. இன்னைக்கு அதும் போச்சு."

கல் நான்காம் நாள் தானாகவே விழுந்துவிட்டது. அந்தப் பதில் என்னோடு தங்கிவிட்டது. அதன்பின் அவனிடம், "எப்படி இருக்கே?" என்று கேட்பதையே நான் நிறுத்திவிட்டேன். கேட்டால் சொல்லிவிடுவானே.

படிப்பு முடிந்து பயிற்சி டாக்டர்களாக, ஹவுஸ் சர்ஜன்களாக, நாங்கள் இருவரும் ஒரே அறுவைப் பிரிவில் சேர்ந்தோம். வேலையில் அவன் கெட்டிக்காரன். குழந்தைகளுக்கு ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை என்றால் பக்கத்து வார்டிலிருந்தும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். நோயாளிகளுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். "பொழைப்பேனா?" என்று கேட்டால், "தெரியலய்யா. நாளைக்கழிச்சு சொல்லுதேன்" என்பான். நாளை மறுநாள் வந்து நின்று சொல்லவும் செய்வான். அந்தப் பேச்சை நம்பி எத்தனையோ பேர் அவன் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

சித்திரை வெயிலில் அவன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தான். காபியில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்தான். சில சமயம் பேசிக்கொண்டே இருக்கையில் கண்மணி குண்டூசித் தலையளவு சுருங்கியிருப்பதைப் பார்த்தேன். கண்மணி அப்படிச் சுருங்கினால் என்ன அர்த்தம் என்று பரீட்சையில் எழுதித் தேறியவன்தான் நான். பார்த்தேன், தெரிந்தது, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அடையாறில் ஒரு நண்பன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு எலியட்ஸ் கடற்கரைக்கு நடந்தோம். அப்போது அங்கே கூட்டம் கிடையாது. சவுக்கு நிழலில் உட்கார்ந்திருந்தோம். அவன் சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தான். பிறகு, "என்னடே, என்கிட்ட எதும் கேக்கணுமா?" என்றான்.

"இல்லையே. என்ன கேக்கணும்?"

"சும்மாதான்."

அவன் பொத்தானைப் போட்டுக்கொண்டான். நான் அலையைப் பார்த்தேன். நாற்பது வருடத்துக்கு மேலாயிற்று. இன்னும் அந்த மத்தியானம் எனக்குச் செரிக்கவில்லை. தானாக வந்து சொல்லத் தெரியாத ஒருவன், தன்னால் முடிந்தவரை கிட்டே வந்து நின்றிருக்கிறான்.

அடுத்த மாதம் பெண்கள் வார்டில் ஜன்னலோரப் படுக்கைக்கு ஒரு மீன்காரம்மா வந்தாள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பித்தப்பையில் கல்லுக்கு அறுவை செய்திருந்தோம். அந்தக் காலத்தில் விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் வலிக்கும். நாலு வேளை பெத்தடின் எழுதியிருந்தது. இரண்டாம் நாள் காலை நான் காயத்துக் கட்டைப் பார்க்கப் போனபோது என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"நைனா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. நர்சம்மா ஊசி போட்டா சித்த நேரத்துல கண்ணு சொக்குது. உன்கூட வர்ற அந்த டாக்டரு போட்டா ஊசி குத்தின வலிதான் மிச்சம். மருந்து ஒண்ணுதான?"

"ஒண்ணுதாம்மா. உடம்பு ஒரு நேரம் மாதிரி இன்னொரு நேரம் இருக்காது."

"அப்டியா?" என்றாள். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

நான் நேராக ஸிஸ்டரிடம் போய், "அந்த ஜன்னலோரப் படுக்கைக்கு நீங்களே ஊசி போட்டுடுங்க" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. சரி என்று தலையசைத்தார். இரண்டு நாள் அப்படியே ஓடியது. ஒரு பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன். மற்றப் படுக்கைகளை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அதற்கு மறுநாள் அந்த ஸிஸ்டர் விடுப்பு. காலை பதினோரு மணி சுமாருக்கு நான் பக்கத்துப் படுக்கையில் தையல் பிரித்துக்கொண்டிருந்தேன். அவன் ஊசியோடு வந்தான். மீன்காரம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நில்லு நைனா. இதுல மருந்து கீதா?"

அவன் நின்றான். "இல்லம்மா."

"பின்ன இன்னா கீது?"

"தண்ணி."

"எனக்குன்னு குடுத்த மருந்து இன்னாச்சு?"

"நான் போட்டுக்கிட்டேன்."

அவன் குரலில் நடுக்கமே இல்லை. சாயம் போகுமா என்று கேட்ட அம்மாளுக்கும் இப்படித்தான் சொல்லியிருப்பான். பக்கத்துப் படுக்கைகளில் பேச்சு நின்றது. என் கையில் கத்தரிக்கோல் அப்படியே இருந்தது.

"அன்னிக்குப் பகல் பூரா நான் கத்திக்கினு கெடந்தனே, உன் காதுல வுழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா."

"வுழுந்தும் போட்டுக்கினியா?"

"ஆமாம்மா."

அவள் கையை விட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்து, வலி தாங்காமல் பாதியில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மல்லாந்தாள். கண்ணோரத்தில் நீர் இறங்கியது. "இவன் வாணாம். நீ போடு" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

நான் மருந்து அலமாரிக்குப் போனேன். பதிலுக்கு வந்திருந்த ஸிஸ்டர், "இப்பதானே ஒரு ஆம்பியூல் மருந்து எடுத்துட்டுப் போனாங்க?" என்றார். "கீழே விழுந்து உடைஞ்சுடுச்சு" என்றேன். யோசிக்கவே தேவைப்படவில்லை, எனக்கு அப்படித்தான் வரும். ஊசியைப் போட்டேன். அவள் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைத் தளர்த்தினாள். கண் சொக்குவதற்கு முன்னால் என்னைக் கேட்டாள்.

"உனுக்குத் தெரியுமா நைனா, இது?"

"தெரியாதும்மா."

அவன் படுக்கையின் கால்மாட்டிலேயே நின்றுகொண்டிருந்தான். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவள் கேட்டது அவனை இல்லையே.

மத்தியானத்துக்குள் வார்டு முழுக்கப் பரவி எங்கள் பிரிவின் சீஃப் காதுக்குப் போய்விட்டது. எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். எத்தனை நாளாக, எவ்வளவு, யார் யாருடைய மருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். எந்தப் படுக்கை, எந்த நாள் என்றெல்லாம் அவனுக்கு ஞாபகம் இருந்தது. கேட்கக் கேட்க சீஃபின் குரல்தான் இறங்கிக்கொண்டே போயிற்று. கடைசியில், "இது வேறு யாருக்குத் தெரியும்?" என்றார்.

நான் அவர் மேஜைமேல் இருந்த தாள்களைப் பார்த்தேன். அவன் முதல் தடவையாகப் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான்.

"யாரும் என்னைக் கேக்கல சார்."

சீஃப் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார். அது உண்மையும்தான். ஆனால் நான் அவனை அறிந்தவரையில், கேள்விக்குச் சற்று ஒதுங்கிப்போய் அவன் சொன்ன ஒரே பதில் அதுதான். அதை எனக்காகச் செய்தான். வெளியே வந்து வராந்தாவில் நடக்கும்போது அவனுக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அவனை இடைநீக்கம் செய்தார்கள். சிகிச்சைக்குச் சேர்த்தார்கள். ஆறு வாரம் உள்ளே இருந்தான். முதல் பத்து நாள் யாரையும் பார்க்கவிடவில்லை. அப்பா கடையை மூத்தவனிடம் விட்டுவிட்டு, காலையிலிருந்து சாயங்காலம்வரை வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் போனபோது பிளாஸ்கிலிருந்து எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். "தம்பி, நீங்க கூடவே இருந்தீங்களே..." என்று ஆரம்பித்தார். பிறகு டம்ளரை வாங்கிக் கழுவப் போய்விட்டார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவே இல்லை.

அந்தப் பழக்கம் ஆறு வாரத்தில் விட்டுவிடவில்லை. முழுக்க விடுவதற்கு நாலு வருடம் பிடித்தது. எங்களுக்கு இரண்டு வருடம் கழித்து ஹவுஸ் சர்ஜன் வேலையை முடித்தான். பிறகு யாரும் எதிர்பார்க்காதபடி உடற்கூறியல் துறையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தான். ஏன்டா, உன் கைக்கு நீ பெரிய சர்ஜனாக ஆகியிருக்கலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, "அங்கதான் யாருக்கும் வலிக்காது. அதனால மருந்தும் கெடையாது" என்றான். கேட்டவர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. அசோக் நகரில் வீடு கட்டினான், கல்யாணம் செய்துகொண்டான். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் மாமா, "கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா மாப்பிள்ளைக்கு?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்க, இவன் எல்லாவற்றையும் சொல்ல, இரண்டு சம்பந்தங்கள் அங்கேயே நின்றுபோயின. மூன்றாவது இடத்தில் அந்தப் பெண்ணே கதவுப் பக்கத்திலிருந்து, "இப்பவும் இருக்கா?" என்று கேட்டாளாம். "இல்ல" என்றானாம். அவளைத்தான் கட்டிக்கொண்டான். மூன்று வருடம் முன்பு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அவன் மனைவி போனில் எனக்கு அதைச் சொன்ன விதமும் அவன் சொல்வதுபோலவே இருந்தது.

ஆனால் அவனை நினைக்கும்போது எனக்கு வருவது இதெல்லாம் இல்லை. சிகிச்சை முடிந்து வந்து ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அப்போது அவன் வீட்டில் சும்மா இருந்தான். ஒரு நாள், "ஞாயித்துக்கிழமையானா உன்னைப் பிடிக்கவே முடியலையே, எங்கடா போறே?" என்று கேட்டேன். "பட்டினப்பாக்கத்துக்கு. அந்த அம்மாவப் பாக்க" என்றான். வெளியே வந்த முதல் வாரமே அவளைத் தேடிக்கொண்டு போயிருக்கிறான். காலில் விழப் போனவனை அவள் நிறுத்தியிருக்கிறாள். "மன்னிச்சேன்னு சொன்னா நீ வூட்டுக்குப் போய்டுவ. அப்பால மறுக்கா போட்டுக்குவ. அதெல்லாம் வாணாம். வாரத்துல ஒரு தபா இங்க வந்து நில்லு. நான் கேப்பேன். நீதான் கேட்டா சொல்லிட்றவனாச்சே" என்றாளாம். அன்றிலிருந்து ஒரு வாரம்கூட அவன் தவறவில்லை.

நானும் வருகிறேன் என்றேன். தி. நகரில் அவன் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் பேச்சுதான். கூடப் படித்தவன் ஒருவனுக்கு நிச்சயமானது, அண்ணன் கடைக்குப் புதிதாகப் போட்ட குழல் விளக்குகள், கிரிக்கெட். நன்றாகத் தேறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடலோரச் சாலையில் பெண்கள் வரிசையாகப் பலகை போட்டு மீனோடு உட்கார்ந்திருந்தார்கள். அறுவைக்குப் பிறகு கூடை சுமக்க முடியாமல் அவளும் ஓரிடத்தில் உட்கார்ந்து விற்கத் தொடங்கியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அடுத்த பலகைக்காரி, "யக்கா, உன் ஊசி டாக்டரு வந்துக்கினு கீறாரு" என்று சிரித்தாள். மீன்காரம்மா ஒரு சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு தலையை ஆட்டினாள். பிறகு கையை நிறுத்தாமல் அவனைக் கேட்டாள்.

"இந்த வாரம் இன்னா?"

"ஒரு தடவ போட்டுக்கிட்டேம்மா."

அவள் கை நின்றது. நான் அவனைப் பார்த்தேன். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்போ?"

"செவ்வாக்கிழம."

"மருந்து எங்க கெடச்சிது? எவளாச்சும் கத்திக்கினு கெடந்தாளா?"

"இல்லம்மா. நானே பொய்ச் சீட்டு எழுதி மருந்துக்கடையில வாங்கினேன்."

"ம்." அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். "அஞ்சு வாரமா ஒண்ணுமில்ல. இப்ப ஒண்ணு. சரி. அடுத்த வாரம் வா. வராம மட்டும் இருந்துடாத." திட்டவில்லை, அழவில்லை. காத்துக்கொண்டிருந்தவரிடம் மீனைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். நாங்கள் நகரும்போது என்னைப் பார்த்து, "நீ இவன்கூட தான் சுத்திக்கினு இருக்கியா?" என்றாள். ஆமாம் என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

சாந்தோம் சாலைக்கு வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். வெயில் ஏறிவிட்டது. என் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். அவன் பஸ் ஏறியதும் நான் நடப்பதாக ஏற்பாடு. எனக்கு உள்ளே கொதித்தது.

"முக்கால் மணி நேரம் பக்கத்துலயே உக்காந்து வந்தேன். ஒரு வார்த்தை சொல்லலையேடா."

"நீ கேக்கலயேடே" என்றான். குற்றம் சொல்கிற குரலே இல்லை.

நான் தரையைப் பார்த்தேன். சாலைப் புழுதியில் யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு காய்ந்திருந்தது. எலியட்ஸ் கடற்கரையில் அலையைப் பார்த்ததுபோல அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுப் போயிருக்கலாம். மீன்காரம்மா தனக்குத் தெரிந்தவரையில் கேட்டுவிட்டாள். போட்டுக்கொண்டாயா என்று கேட்க அவளுக்குத் தெரியும். இதற்கு மேலும் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. அது மருத்துவம் படித்தவனுக்குத்தான் தெரியும்.

"கடையில எத்தனை வாங்கின?" என்றேன்.

"நாலு."

"ஒண்ணு போட்டுக்கிட்ட. மிச்சம்? இப்ப கையில இருக்கா?"

"ஒண்ணு இருக்கு."

சட்டைப் பைக்குள் கைவிட்டு, கைக்குட்டையில் சுற்றியதை எடுத்து என் கையில் வைத்தான். நான் கேட்பேன் என்று எவ்வளவு நாள் காத்திருந்தானோ, அவ்வளவு வேகமாக வைத்தான். கண்ணாடிக் குப்பி அவன் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. நான் சாக்கடை ஓரம் குந்தி, குப்பியின் கழுத்தை உடைத்து, உள்ளே இருந்ததைக் கொட்டினேன். அங்கே பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். உடைந்த கண்ணாடியைக் கைக்குட்டையில் கவனமாக முடிந்துகொண்டேன். எழுந்து அவனைப் பார்த்தேன். அவன் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"வீட்டுல?"

"ரெண்டு. மேஜை டிராயர்ல, புஸ்தகத்துக்கு அடியில."

"நான் இப்ப வீட்டுக்குப் போயிட்டா, நீ போய் அதை என்ன பண்ணுவே?"

அவன் யோசிக்கவில்லை. "போட்டுக்கிடுவேன்."

பஸ் வந்து நின்றது. அவன் ஏறினான். பின்னாலேயே நானும் ஏறி, கண்டக்டரிடம், "தி. நகர் ரெண்டு" என்றேன்.